ஆறரை ஆக்சிஜன்

டிசம்பர் 2, செவ்வாய்

கம்பெனி கொடுத்த டைரி. மேனேஜர்களுக்கெல்லாம் ஜனவரியில் கொடுத்து, மிஞ்சியதை டிசம்பரில் பேக்கிங் பெண்களுக்குத் தள்ளிவிட்டார்கள். தேதியை அடித்துவிட்டு எழுதிக்கொள்ள வேண்டியதுதான். முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருக்கிறார்கள். பெயர்: யோகேஸ்வரி. வயது: 20. வேலை: தேயிலை பேக்கிங், குன்னூர். ரத்த வகை: தெரியாது. கார் எண்: சிரித்துக்கொண்டேன்.

எதற்கு எழுதுகிறேன் என்றால், மார்ச் மாதம் ப்ளஸ் ஒன் வேதியியல் அரியர் எழுதப் போகிறேன். மூன்றாவது தடவை. ப்ளஸ் டூ எல்லாப் பாடமும் பாஸ். ப்ளஸ் ஒன்னில் இந்த ஒரு பாடம் நிற்பதால் நான் எதிலுமே பாஸ் இல்லையாம். கம்பெனி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை காலியாக இருக்கிறது. தேயிலைத் தூளின் ஈரம் பார்ப்பது, சல்லடை போடுவது. அந்த வேலையை நான் தூக்கத்தில் செய்வேன். ஆனால் சான்றிதழ் வேண்டும். தினமும் படித்ததை இங்கே எழுதிவைத்தால் ஏமாற்ற முடியாது.

விடுதியில் பதினான்கு பெண்கள். எல்லோரும் கடையிலும் கம்பெனியிலும் வேலை செய்பவர்கள். ஏதோ அறக்கட்டளை நடத்துகிறது. எங்கள் வார்டன் மயிலாத்தாள் அடிக்கடி சொல்லும் சொல் ‘ஒழுக்கம்’.

போன வாரம் என் முதல் வெற்றி. குளியலறை ஜன்னலுக்கு எதிரே லாட்ஜ் கட்டுகிறார்கள். சாரத்தில் நின்று ஒருத்தன் உள்ளே பார்த்ததைப் பக்கத்து அறை ஜமுனா பார்த்துவிட்டாள். நான் மனு எழுதி, பதினான்கு கையெழுத்து வாங்கி, அறக்கட்டளைச் செயலரிடம் கொடுத்தேன். “திரைத்துணி போட்டுக்கலாமே” என்றார். “மகளிர் ஸ்டேஷனுக்குப் போவோம்” என்றேன். இரண்டே நாளில் ஜன்னலுக்குப் பிளைவுட் அடித்தார்கள். இடுக்கு இருந்த இடத்தில் பசை பூசச் சொன்னேன். நானே உள்ளே விளக்கை அணைத்துவிட்டு நின்று பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

கேட்டால்தான் கிடைக்கும்.

டிசம்பர் 4, வியாழன்

எரிதல் வினை. கரிமச் சேர்மம் + ஆக்சிஜன் → கார்பன் டைஆக்சைடு + நீர். இவ்வளவுதான். எது எரிந்தாலும் இந்த இரண்டும்தான் வரும் என்பதால் வலது பக்கத்தை முன்கூட்டியே எழுதிவிடலாம். மண்ணெண்ணெயோ மெழுகோ சர்க்கரையோ, முடிவு ஒன்றுதான். முதலில் கார்பனைச் சமன் செய்ய வேண்டும், பிறகு ஹைட்ரஜனை, கடைசியில் ஆக்சிஜனை.

மீத்தேன்: CH₄ + 2O₂ → CO₂ + 2H₂O. வந்தது.
புரொப்பேன்: C₃H₈ + 5O₂ → 3CO₂ + 4H₂O. வந்தது.

இதற்கா மூன்று வருடம் பயந்தேன்?

டிசம்பர் 7, ஞாயிறு

என் அறைத்தோழி எஸ்தரைப் பற்றி எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நாளை படிக்கும்போது எனக்கே குழப்பமாகிவிடும். நாசரேத்துக்காரி. பேக்கரியில் கவுண்டர் வேலை. ஓயாமல் பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். கேக் வெட்டும்போது விழும் ஓரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வருவாள். நான் படிக்கும்போது மேசையில் வைத்துவிட்டு, “தின்னுட்டுப் படிட்டி. மூளைக்குச் சீனி வேணும்லா” என்பாள். ஈஸ்டர் முடிந்து அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் கிதியோன், தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி. தினமும் போன். எனக்கு எரிச்சல்.

நெருங்கிய சிநேகிதி என்றெல்லாம் சொல்ல முடியாது. ஒரே அறை, அவ்வளவுதான்.

டிசம்பர் 10, புதன்

குளியல் வரிசைக்கு நான் போட்ட அட்டவணை நன்றாக ஓடுகிறது. முன்பு பழைய ஆட்கள் வெந்நீரைத் தீர்த்துவிட்டுப் புதியவர்களுக்குக் குளிர்நீரை விடுவார்கள். இந்த மலையில் தினமும் குளிப்பது சுற்றுலா வருபவர்கள்தான். நாங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள். ஆக ஒரு நாளைக்கு ஏழு பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஐந்தே முக்காலுக்கு ஆரம்பம். என் ஷிப்ட் ஏழரைக்கு என்பதால் எனக்கு நிரந்தரமாக முதல் எண். எஸ்தரின் பேக்கரி ஒன்பதுக்குத்தான். அவளுக்கு நிரந்தரமாக ஏழு. தூங்குமூஞ்சிக்கு அதுதான் வசதி. நடுவில் இருக்கிற ஐந்து பேரும் வாரம் ஒரு எண் நகர்வார்கள். மறுநாள் குழுவில் ஏழு பேருமே நகர்வார்கள்.

வெந்நீர் கேஸ் கீசரில் வருகிறது. ஒரே ஒரு கீசர், குளியலறைச் சுவரில். அதன் நெற்றியில் ‘அமரர் சென்னியப்பன் நினைவாக’ என்று பித்தளைத் தகடு. செயலரின் அப்பா. தினமும் அவர் முன்னால்தான் குளிக்கிறோம். அந்தாள் சாரத்தில் நின்று பார்த்தால் குற்றம், இவர் பார்த்தால் அன்பளிப்பு.

டிசம்பர் 16, செவ்வாய்

உறைபனி. புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல. குளியலறைக் கதவுக்கு அடியில் வார்டன் சாக்கைச் சுருட்டி வைத்திருக்கிறார். “குளுரு காலைக் கடிக்குது கண்ணு” என்றார். நல்ல யோசனைதான். உள்ளே கண்ணாடியில் தண்ணீர் ஓடுகிறது.

ஈத்தேன் இரட்டிப்பு வேண்டியதாகிவிட்டது. 2C₂H₆ + 7O₂ → 4CO₂ + 6H₂O.

டிசம்பர் 19, வெள்ளி

ஜமுனாவுக்கு மூன்று நாளாகத் தலைவலி. இந்த வாரம் அவள் ஆறாம் எண். வார்டன் இஞ்சிக் கஷாயம் கொடுத்தார்.

டிசம்பர் 24, புதன்

ஜமுனாவுக்குச் சரியாகிவிட்டது. எஸ்தருக்குத் தலைவலி. கிறிஸ்துமஸ் கேக் வேலை, பத்து மணி நேரம் நின்றுகொண்டே. முதலாளி நாற்காலி போட மாட்டான், நாற்காலி போட்டால் வாடிக்கையாளருக்கு மரியாதை இல்லையாம். நான் அவனுக்கு ஒரு மனு எழுதலாமா என்று கேட்டேன்.

“ஏட்டி யோகு, நீ எனக்கு வேலை வாங்கித் தருதியா, வேலையைப் பிடுங்கித் தருதியா?”

ஜனவரி 6, செவ்வாய்

எஸ்தர் காலையில் வாந்தி எடுத்தாள். நேற்று முன்தினமும் எடுத்தாளாம். எனக்குத் தெரியாது, நான் ஏழு மணிக்கே போய்விடுகிறேன்.

ஜனவரி 10, சனி

எஸ்தர் குளியலறையில் விழுந்துவிட்டாள்.

நான் கம்பெனியில் இருந்தேன். ஜமுனா போனில் சொன்னாள். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லையாம், கூப்பிட்டால் பதிலில்லையாம். தாழ்ப்பாளை உடைத்து, துண்டைப் போர்த்தி வெளியே இழுத்து வராந்தாவில் கிடத்தியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் கண் திறந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, “காலையில சாப்பிடாம குளிக்காதீங்க” என்று அனுப்பிவிட்டார்கள். நெற்றியில் மூன்று தையல்.

நான் வந்தபோது படுத்திருந்தாள். “சென்னியப்பன் தாத்தா மூஞ்சியைப் பாத்துக்கிட்டே விழுந்தேன்டி” என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

வார்டன் எஸ்தரின் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டார். என்ன சொன்னார் என்று எஸ்தர் வாயால்தான் கேட்டேன். “காலையில வாந்தி, மயக்கம். வயசுப் புள்ளை. எதுக்கும் ஒருதடவை பாத்துக்கோங்க.” அவ்வளவுதான் சொன்னாராம். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

நேராக வார்டனிடம் போய்க் கேட்டேன்.

“நீங்க என்ன டாக்டரா?”

“பாரு அம்மிணி, எனக்கு அம்பத்தாறு வயசு. இதுல எத்தனை பார்த்திருப்பேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா விடுதிப் பேருதான் கெடும்.”

“அவ பேரு கெட்டா பரவாயில்லையா?”

“கெடறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா அவ எதுக்குப் பயப்படணும்?”

இப்படிப் பேசுகிறவர்களிடம் என்ன வாதம் செய்வது? இரவல் வாங்கி வைத்திருந்த அவரது இஸ்திரிப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

எஸ்தர் மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கிவந்து பார்த்தாள். ஒரு கோடுதான். ஒன்றுமில்லை. அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“எதுக்குடி பார்த்தே? யார் கேட்டாலும் பார்க்க மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“எங்கம்மா ரெண்டு நாளா சாப்பிடலையாம். ஒனக்குக் கோவம் பெருசு, எனக்கு அம்மா பெருசு.”

ஆனால் விஷயம் கிதியோன் வீட்டுக்குப் போய்விட்டது. அவன் அம்மா, கல்யாணத்தைப் பற்றிப் பொங்கலுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாளாக அவன் போனும் வரவில்லை. எஸ்தர் போனைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பேசாமல் இருக்கிறாள். இந்த அறை இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. படிக்க முடியவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் விடுமுறை. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். எஸ்தரிடம் “இப்போ வராதே, பாக்கிறவிய ஆயிரம் கேப்பாவ” என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் படிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். படிப்பதற்காகத்தான்.

வரிசை இல்லாததால் தினமும் குளித்தோம், மூன்று நாளும் நாங்கள் இரண்டு பேர்தான். நான் முதலில், அவள் அடுத்து. தலைவலி இல்லை, வாந்தி இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள். வார்டன் என்னிடம், “பாத்தியா, வீட்டுல ஒரு சத்தம் போட்டதும் எல்லாம் அடங்கிருச்சு” என்றார்.

ஜனவரி 19, திங்கள்

எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஏழு பேர் குளித்தார்கள். எஸ்தர் வாந்தி எடுத்தாள். ஆறாம் எண்ணில் இந்த வாரம் இருக்கும் பெண்ணுக்கும் தலை சுற்றுகிறதாம்.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதிய இடைவேளையில் பியூட்டேன். C₄H₁₀. நாலு கார்பனுக்கு நாலு CO₂. பத்து ஹைட்ரஜனுக்கு ஐந்து H₂O. வலது பக்கம் ஆக்சிஜன் அணு எட்டும் ஐந்தும் பதின்மூன்று. இடது பக்கம் ஆக்சிஜன் ஜோடியாகத்தான் இருக்கும். ஆறரை மூலக்கூறு வேண்டும். அரை மூலக்கூறு எங்கே கிடைக்கும்? எனக்கு அந்த அரை பிடிக்கவில்லை. ஆறு என்று வைத்துக்கொண்டு வலது பக்கத்தை அதற்கேற்ப மாற்றினேன்.

C₄H₁₀ + 6O₂ → 3CO₂ + CO + 5H₂O

எண்ணிப் பார்த்தேன். கார்பன் நாலு, நாலு. ஹைட்ரஜன் பத்து, பத்து. ஆக்சிஜன் பன்னிரண்டு, பன்னிரண்டு. எல்லாம் சரி! விடைப் பக்கத்தைத் திருப்பினால் வேறு இருக்கிறது: எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி, 2C₄H₁₀ + 13O₂ → 8CO₂ + 10H₂O.

இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போது என்னுடையது எப்படித் தப்பாகும்? கோபத்தோடு பாடத்தைத் திரும்பப் படித்தேன். நான் ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போயிருந்த ஒரு வரி. ‘போதுமான ஆக்சிஜன் உள்ளபோது.’ அதற்குக் கீழே சிறிய எழுத்தில்: ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, வாந்தி, மயக்கம், மரணம்.

சமையல் கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும். எங்கள் கீசரில் எரிவதும் அதுதான்.

என் விடை தப்பில்லை. அது எங்கள் குளியலறை.

தேயிலை அட்டைப்பெட்டியின் மேல் கணக்குப் போட்டேன். கீசருக்கு ஒரு சிலிண்டர் ஒன்பது நாள் வருகிறது. பதினான்கு கிலோ. அறுபத்து மூன்று குளியல். குளியலுக்கு இருநூற்றிருபது கிராம் சொச்சம். பியூட்டேன் என்றே வைத்துக்கொண்டால் அதற்கு எண்ணூறு கிராம் ஆக்சிஜன் வேண்டும். குளியலறை ஐந்தடிக்கு ஆறடி, எட்டடி உயரம். அதிலுள்ள காற்று முழுவதிலும் ஆக்சிஜன் ஒன்றே முக்கால் கிலோ. மலையில் இன்னும் குறைவு. ஆக, இரண்டு பேர் குளித்தால் அறையின் ஆக்சிஜன் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். மூன்றாவது ஆளிலிருந்து கதவு திறக்கும்போது நுழைவதை வைத்துத்தான் தீயும் எரிய வேண்டும், ஆளும் மூச்சுவிட வேண்டும்.

பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பேர்.

நோய் ஆளைப் பிடிக்கவில்லை. எண்ணைப் பிடிக்கிறது.

சாயங்காலம் வந்ததும் கீசர் வால்வை மூடினேன். “கசியுது, யாரும் திறக்காதீங்க” என்று எழுதி ஒட்டினேன். பொய்தான். உண்மையைச் சொன்னால், ஜன்னலை யார் அடைத்தது என்ற பேச்சு வரும்.

ஜனவரி 21, புதன்

மழை. படிக்கவில்லை.

ஜனவரி 22, வியாழன்

குளிர்நீரில் குளிக்க முடியாமல் எல்லோரும் கத்துகிறார்கள். வார்டன் மெக்கானிக்கைக் கூட்டிவந்து, கசிவு இல்லை என்று சோதித்து, நான் ஒட்டிய காகிதத்தைக் கிழித்தார். நாளை முதல் கீசர் ஓடுமாம். கார்பன் மோனாக்சைடு பற்றிச் சொன்னேன்.

“மூணு வருசமா இதே கீசர்தான. அப்பெல்லாம் யாரும் சாகலையே?”

“அப்போ ஜன்னல் இருந்துச்சு.”

“ஜன்னலை அடைக்கச் சொன்னது ஆரு?”

அறைக்கு வந்து டைரியை எடுத்தேன்.

எழுதிவிடுகிறேன். மனு நான் எழுதியது. பசை பூசச் சொன்னது நான். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை என்று சந்தோஷப்பட்டது நான். இன்னொன்றும் இருக்கிறது. குளியல் வரிசைக்குச் சீட்டுக் குலுக்கியபோது ஏழாம் எண் விழுந்தது எனக்கு. ஒன்று விழுந்தது எஸ்தருக்கு. “ஒனக்கு ஷிப்ட் இருக்கே, வச்சுக்கோ” என்று அவள் மாற்றிக் கொடுத்தாள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. தூங்குமூஞ்சி என்று எழுதினேன்.

இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடுவார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி சாம்பார் வாளி நகர்ந்துகொண்டிருந்தபோதே எழுந்து நின்று சொன்னேன். சமன்பாடு எல்லாம் சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. பிறகு, “ஜன்னலை அடைக்க வச்சது நான். அதனாலதான் எஸ்தர் விழுந்தா. வேற எதுவும் இல்லை. அவளைப் பத்தி யாராவது பேசினா என்கிட்ட பேசுங்க” என்றேன். அது புரிந்தது.

யாரோ, “கையெழுத்து நாங்களும்தானே போட்டோம்” என்றார்கள். ஜமுனா. அவளிடம் இவ்வளவு நியாயம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

வார்டன், “தீ நல்லா மஞ்சளா, மங்களகரமாத்தான எரியுது” என்றார். கேஸ் அடுப்புத் தீ நீலமாக எரிய வேண்டும் என்பது சமையல் செய்கிற பதினான்கு பெண்களுக்கும் தெரியும். 

எஸ்தர் தட்டைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்: “இன்னைக்கு யாரும் அதுல குளிக்கல, நாளைக்கும் குளிக்க மாட்டாவ. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் அந்தத் தீயைக் காட்டு. கண்ணால பாத்தாத்தான் நம்புவாவ.”

ராத்திரி அறையில் அவளிடம் சரியாக மன்னிப்புக் கேட்க முயன்றேன். “ஏட்டி, என்னைக் கொல்லணும்னா கேக் ஓரத்துல வெஷம் வச்சிருக்கலாம்லா, இவ்வளவு கணக்கு எதுக்கு?” என்றாள். பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நான் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

காட்டினோம்.

வராந்தாவில் பதினான்கு பேரும் வார்டனும். குளியலறைக்குள் யாரும் இல்லை. குழாயைத் திறந்து வெந்நீரை ஓடவிட்டுக் கதவைச் சாத்தி, சாக்கை வைத்தேன். பத்து நிமிடம். மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். கீசரின் சின்னத் துளையில் தீ தெரிகிறது. நீலம். சாத்தினேன். அடுத்த பத்து நிமிடம். தீயின் நுனியில் மஞ்சள். மூன்றாவது தடவை திறந்தபோது முழுக்க மஞ்சள். தடுமாறிக்கொண்டு எரிந்தது. துளையைச் சுற்றிக் கரி.

“மங்களகரம்” என்றாள் ஜமுனா. 

தண்ணீரை நிறுத்தி, கதவைத் திறந்துபோட்டு, அரை மணி நேரம் காத்திருந்தோம். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஆணி பிடுங்கும் கம்பியால் பிளைவுட்டை நெம்பினேன். நான் பூசச் சொன்ன பசை சாமானியத்தில் விடவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். பலகை வந்தபோது வெளிச்சமும் குளிரும் ஒன்றாக முகத்தில் விழுந்தன. மறுபடி கீசரை ஓடவிட்டோம். பத்து, இருபது, முப்பது நிமிடம். நீலம்.

வார்டன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “ஞாயித்துக்கெழமை உங்களுக்கெல்லாம் அப்புறம் நான் குளிப்பேன். தலை கிர்ருன்னு சுத்தும். சுகருன்னு நெனச்சு மாத்திரையைக் கூட்டிக்கிட்டேன்” என்றார். அவர் வயது அப்போதுதான் முகத்தில் தெரிந்தது. பாவமாக இருந்தது. ஆனால் விடவில்லை.

“எஸ்தர் அம்மாவுக்குப் போன் போடுங்க.”

போட்டார். எல்லோர் முன்னாலும். “தப்பு எங்க பக்கந்தானுங்க. கேசு அடுப்புப் புகை. புள்ளை மேல ஒரு குத்தமும் இல்லீங்க” என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. இவர் “ஆமாங்க, ஆமாங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய்க் கதவடிச் சாக்கை எடுத்துக் குப்பையில் போட்டார்.

ஜனவரி 28, புதன்

செயலரிடமிருந்து எனக்குக் கடிதம். விடுதிச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்காக ஏன் வெளியேற்றக்கூடாது என்று விளக்கம் கேட்டு. அதை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தேன். சாயங்காலத்துக்குள் அதன் கீழே பதின்மூன்று கையெழுத்து. பதினான்காவதாக வார்டன்.

ஆனால் ஜன்னல் திறந்திருக்கிறது. சாரமும் அங்கேயே இருக்கிறது. குளிக்கும்போது எல்லோரும் மாறி மாறி வெளியே காவல் நிற்கிறோம். இதற்கு என்ன செய்வது?

ஜனவரி 30, வெள்ளி

எஸ்தர்தான் கேட்டாள். “பாக்கிறவன் அங்க நிக்கான். அடைப்பு எதுக்கு இங்க?”

எனக்கு இது ஏன் தோன்றவில்லை? இவ்வளவு கோபத்தோடு போராடி, கடைசியில் எங்கள் காற்றை நாங்களே அடைத்துக்கொள்ளத்தான் கேட்டிருக்கிறேன். லாட்ஜ்காரனிடம் போய் அவன் சாரத்துக்குத் திரை கட்டச் சொல்லலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. செயலருக்குத் தோன்றியிருக்கும். லாட்ஜ்காரர் அவருக்குச் சிநேகிதர்.

இரண்டாவது மனு. பிரதி மகளிர் ஸ்டேஷனுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும். மூன்று கோரிக்கை: எதிர்ச் சாரத்துக்கு முழுக்கப் பச்சை வலை. கீசர் வெளிச்சுவருக்கு. ஜன்னலுக்குக் காற்று புகும் சாய்பலகை. மனுவின் பின்பக்கத்தில் என் இரண்டு சமன்பாடுகளையும் எழுதினேன், ஆறும் ஆறரையும்.

பிப்ரவரி 7, சனி

தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து பார்த்தார். குளியலறையில் நின்று கீசரையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செயலரிடம், “இன்னும் யாரும் சாகலைன்னா, உங்களுக்கு ஏதோ புண்ணியம் இருக்கு” என்றார். அதோடு வெளியேற்றும் பேச்சு நின்றுபோனது.

பிப்ரவரி 14, சனி

கிதியோன் வந்திருந்தான். பேக்கரிக்கு. நான் ஷிப்ட் முடிந்து அங்கே போனபோது கவுண்டருக்கு வெளியே, மாற்றுச் சட்டை வைத்த பையைக் கையில் பிடித்துக்கொண்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றான். ஐஸ் கம்பெனிக்காரன்!

எஸ்தர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, “என்ன வேணும் சார்?” என்றாள்.

“நெத்தி எப்படியிருக்கு?”

“ஒரு மாசம் கழிச்சுக் கேக்கிய.”

“அம்மா போனை வாங்கி வச்சிருந்தாவன்னு சொன்னா நம்பவா போற. எனக்குத்தான் தைரியம் இல்ல. அது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அவள் நாலு வாடிக்கையாளர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அவனிடம் திரும்பினாள். “ஒங்க அம்மா என்கிட்ட நேரா பேசணும். அப்புறம்தான் மத்ததெல்லாம்” என்றாள். அவன் தலையாட்டினான். அம்மா பேசுவாளா என்று எனக்குத் தெரியாது. ஒரு ஆண் சரியாக ஒரு வாக்கியம் பேசினால் அதை டைரியில் எழுத வேண்டியிருக்கிறது, அதுதான் எரிச்சல்.

அவனிடம் எரிதல் வினையை விளக்கினேன். கவனமாகக் கேட்டான்.

பிப்ரவரி 20, வெள்ளி

பச்சை வலை கட்டிவிட்டார்கள், ஆறு மாடிக்கும். சாரத்தில் நிற்கிற ஆட்கள் இப்போது நிழலாகத்தான் தெரிகிறார்கள். ஜன்னலுக்குச் சாய்பலகை வந்தது, கீசர் வெளிச்சுவருக்குப் போய்விட்டது. சென்னியப்பன் தாத்தாவும் கூடவே வெளியே போய்விட்டார். மழையில் நனைகிறார்.

கிதியோனின் அம்மா எஸ்தரிடம் பேசினாள். அரை மணி நேரம். என்ன பேசினாள் என்று எஸ்தர் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி தூக்கத்தில் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் 1, ஞாயிறு

எத்தனால்: C₂H₅OH + 3O₂ → 2CO₂ + 3H₂O. ஆல்கஹாலுக்குள்ளேயே ஒரு ஆக்சிஜன் இருக்கிறது, அதைக் கழிக்க மறந்து இரண்டு தடவை தப்பு. மூன்றாவது தடவை சரி. ஜமுனாவும் என்னோடு படிக்கிறாள். அவளுக்கும் ஒரு அரியர் இருக்கிறதாம், கணக்கு. இவ்வளவு நாள் சொல்லவே இல்லை.

மார்ச் 12, வியாழன்

தேர்வு முடிந்தது. பியூட்டேன் வந்தது! முழுமையாக எரியும்போது நடக்கும் வினையைச் சமன் செய்க. 2, 13, 8, 10. எழுதிவிட்டு நேரம் மிச்சமிருந்ததால், கீழே யாரும் கேட்காத இன்னொன்றையும் எழுதினேன். ஆறு மூலக்கூறு மட்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்று. திருத்துகிறவர் அடித்துவிடலாம். அடிக்கட்டும், அவர் வீட்டுக் குளியலறையில் ஜன்னல் இருக்கிறதா என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

தேர்வுக்கு லீவு போட்டிருந்தேன். அதனால் காலையில் எஸ்தரை முதலில் போகச் சொல்லிவிட்டு, அவள் எண்ணை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் ஆறு பேர் குளித்திருந்தார்கள். தண்ணீர் சூடாகவே இருந்தது. சாய்பலகை வழியாக வந்த குளிர்காற்று முதுகில் அறைந்தது, பல் கிட்டியது. நன்றாக மூச்சை இழுத்துவிட்டேன்.

தலை வலிக்கவில்லை.